போர்வையின் நடுச் சதுரம்

மகளே,

இதைப் பொதிக்குள் வைக்காமல் தனியாகத் தபாலில் போடுகிறேன். பொதி சனிக்கிழமை ரயிலில் நானுஓயாவுக்கு வந்துவிடும். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பி எடுத்துக்கொள். அதற்கு முன் நீ இதை வாசித்திருக்க வேண்டும். வருவது, உன் அம்மா துண்டு துண்டாக இணைத்து, முடிக்காமல் விட்டுப்போன ஒட்டுப் போர்வை. உன் சின்னம்மா பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, தைத்து அனுப்புகிறாள். அலுமாரிச் சாவியை நீ அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன பிறகு இந்த வீட்டில் நடந்தவற்றை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பத்திரிகைக்கு எழுதி எழுதிக் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதுவதும், மற்றதை விட்டுவிடுவதும் எனக்குப் பழகிப்போய்விட்டது. இதையும் அப்படியே எழுதுகிறேன். நுவரெலியாவில் மழை பெய்யும் ஒரு மாலையில் நிதானமாக வாசி.

அந்தப் போர்வை எப்படித் தொடங்கியது என்பது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ சின்னப் பிள்ளை. கண்டி வாவிக்கு மேலே ஒரு பங்களாவில் இருந்த தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லிப் பத்திரிகையில் இருந்து எனக்குச் செய்தி வந்தது. உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் மேசையையும் மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா மட்டும் விறாந்தைக் கம்பியில் தொங்கிய ஒரு பழைய போர்வையின் முன்னால் நின்றுவிட்டாள். துரைசாணியின் பாட்டி காலத்துப் போர்வையாம். சின்னச் சின்னச் சதுரத் துணிகள் சுற்றி ஓட, நடுவில் ஒரே ஒரு பெரிய சதுரம். ஓரமெல்லாம் நைந்திருந்தது. நான் கூப்பிடப் போனபோது அவள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க, இந்தப் பக்கம் வந்து பாருங்க,” என்றாள். “முன்னால இருக்கது துணி. தச்சவங்க கை பின்னாலதான் தெரியுது.”

பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. அதன்மேல் கொடியும் இலையுமாக ஓடிய தையல் மட்டும் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. கடைசியில் அந்தப் போர்வையைப் பீங்கான் வாங்கிய வியாபாரி ஒருவர் தட்டுகளைச் சுற்றி எடுத்துப் போவதற்காக வாங்கினார். உன் அம்மா வாவிக்கரை வரும்வரை அந்தப் பங்களாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, “நாமளே ஒண்ணு தச்சா என்ன?” என்றாள். அவ்வளவு துணிக்கு எங்கே போவது என்று கேட்டேன். “ஒங்க கிழிஞ்ச சட்டையே போதும், அலுமாரி நெறஞ்சிரும்,” என்றாள். நீ சிரித்தாய். உனக்கு விளங்கித்தான் சிரித்தாயா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அப்படித் தொடங்கி, என் சட்டைகள், உன் கவுன்கள், அத்தையின் நீலப் பாவாடை என்று வருடக்கணக்காக வெட்டி வெட்டி இணைத்தாள். பார்த்த போர்வையைப் போலவே சின்னச் சதுரங்கள் சுற்றிலும் வந்தன. நடுவில், தன் கல்யாணத்துக்குக் கட்டிய சந்தன நிறப் பட்டு. கண்டி ஈரத்தில் அந்தச் சேலை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. நல்லதாக மிஞ்சிய பாகத்தைப் பெரிய சதுரமாக வெட்டி வைத்தாள். முன்பக்கம் முடிந்தது. அதை எப்படித் தைப்பது, எந்த மாதிரிக் கோலத்தில் பஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து வந்த அன்று நீ அந்த முன்துணியை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் செபமாலைச் சுரூபத்தோடு கோர்த்துக்கொண்டாய். அது உன் உரிமை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் இரண்டாம் தாரமாகக் கட்டி, உன் சின்னம்மா கடுகண்ணாவையில் இருந்து இந்த வீட்டுக்கு வந்தபோது, பூட்டிய தட்டைப் பற்றி நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் அதைத் திறந்து பார்க்கக் கேட்டதே இல்லை. ஆனால் நீ கம்பளையில் படிப்பிக்கப் போய் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, “பாப்பா, அலுமாரிய கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறியா?” என்று கேட்பாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் துடிக்கிறாள் என்று அத்தையிடம் சொன்னாயாம். அவள் நினைத்தது வேறு. இந்த ஊர் மழையில் பூட்டி வைத்த துணி பூஞ்சணம் பிடிக்கும். நீ திறக்காத வருடங்களில், தனிக் கதவுள்ள, பூட்டாத கீழ்த்தட்டில் பூச்சி உருண்டைகளைப் போட்டு வைத்தாள், மணமாவது மேலே ஏறட்டும் என்று. அந்தத் தட்டில் வேறு ஒன்றுமே வைக்கவில்லை. நீ சாவியைக் கொடுத்த அன்று முன்துணி ஒரு புள்ளி கூட இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் கல்யாணம் நிச்சயமான வாரம் நீ அந்தச் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தாய். நான் கதவருகில் நின்றேன். “சின்னம்மா, நுவரெலியாவுல குளிர்னு எல்லாரும் சொல்றாங்க. இத எனக்குத் தச்சுத் தருவீங்களா? எப்படின்னாலும் தைங்க. அம்மா தச்சது மட்டும் மறையக்கூடாது,” என்றாய். அவள் தலையை ஆட்டினாள். நீ போன பிறகு அந்தச் சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு அன்று முழுவதும் அப்படியே வேலை செய்தாள். மகளே, உன்னிடம் நான் நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள் பல. முதலில் இதற்குச் சொல்கிறேன். அந்தச் சாவியைக் கொடுக்க நீ எவ்வளவு பாடு பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பல மாதம் தூங்கவிடாமல் செய்தது. ஏன் என்று சொல்கிறேன். ஒட்டுப் போர்வைக்கு முன்துணி இணைப்பது பாதி வேலை. முன்துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி, மூன்றையும் சேர்த்து ஊசி போட்டுப் பிடிக்க வேண்டும். அந்தத் தையல் எந்தக் கோலத்தில் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்மிடம் இருந்தது பின்வளவு மரத்து இலவம் பஞ்சு. கம்பளியை நடுவில் வைத்தால் எந்தக் கோலமும் போடலாம், ஆனால் அந்தப் பாரத்தை உன் அம்மாவின் பழைய துணிகள் தாங்கமாட்டா. இலவம் பஞ்சு இலேசு, சூடு. ஒரே குறை, அது ஓர் இடத்தில் நிற்காது. தலையணைக்குள் அது ஓடினால் தட்டிச் சரிசெய்யலாம். போர்வைக்குள் ஓடினால் காலடியில் மூட்டை, மார்பில் வெறும் துணி.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. அத்தைக்குக் கோயில் பீடத் துணியில் இருப்பது போல ரோசாப்பூவும் கொடியும் வேண்டும். “கல்யாணப் பொண்ணுக்குப் பூ இல்லாம எப்படி?” என்றாள். எனக்கு மேலிருந்து கீழ் நேர்கோடு, பத்திரிகைப் பத்தி மாதிரி. பார்க்கச் சுத்தமாக இருக்கும். உன் சின்னம்மா சின்னச் சின்னச் சாய்சதுரக் கட்டங்களாகப் போடலாமா என்று நினைத்தாள். இரண்டு பேரோடும் அவள் வாதாடவில்லை. பழைய படுக்கை விரிப்பை வெட்டி, கதிரையில் போடுகிற அளவில் மூன்று சின்ன மெத்தை தைத்தாள். மூன்றிலும் அதே இலவம் பஞ்சு. ஒன்றில் அத்தையின் பூ, ஒன்றில் என் கோடு, ஒன்றில் கட்டம். சாப்பாட்டு மேசைக் கதிரைகளில் போட்டுவிட்டு, “அவங்கவங்க கேட்டதுல அவங்கவங்க உக்காருங்க. நத்தார் பெருநாள் வரைக்கும் மாறி உக்காரக்கூடாது,” என்றாள்.

“என்னா பொண்ணே, எங்கள அடை காக்க வச்சிட்டியா?” என்று அத்தை கேட்டாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

நத்தாருக்கு முன்பே அத்தையின் பூவுக்குள் இருந்த பஞ்சு, கோடு போடாத வெற்றிடங்கள் வழியாக ஓடி ஒரு மூலையில் மலையாகக் குவிந்துவிட்டது. “இந்தாடா தம்பி, கடுகண்ணாவ மலையில ஏறுற ரயிலாட்டம் சாஞ்சே உக்காந்திருக்கேன், ஒம் பொண்டாட்டி சிரிக்கிறா,” என்று என்னிடம் முறைப்பாடு வைத்தாள்.

“எங்க ஊரு ரயிலு சாஞ்சாலும் போய்ச் சேந்துரும், மதினி,” என்றாள் உன் சின்னம்மா.

“சேரும், சேரும். நான் சோறு திங்கிறதுக்குள்ள கீழ விழுந்துருவேன்.”

என் கதை அதைவிட நன்றாக இல்லை. நேர்கோடுகளுக்கு நடுவே பஞ்சு, தெருவோரக் கானில் ஓடும் தண்ணீர் போல ஓடிப் பின்விளிம்பில் சேர்ந்தது. அத்தை என் மெத்தையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். “ஒம் பேப்பரு மாதிரியேதான்டா இருக்கு. முன்னால ஒண்ணுமில்ல, எல்லாம் கடைசிப் பக்கத்துல.” நீயும் அந்த நத்தாருக்கு வந்து, தெரியாமல் அத்தையின் கதிரையில் உட்கார்ந்து, “கதிரைக்குள்ள தேங்காயா வச்சிருக்கீங்க?” என்று துள்ளி எழும்பினாய். நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று உனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது தெரிந்துகொள். சின்னம்மாவின் கட்டங்களில் மட்டும் பஞ்சு வைத்த இடத்திலேயே இருந்தது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். புது வீட்டில் உனக்கும் மாப்பிள்ளைக்கும், உனக்கும் மாமியாருக்கும் ஏதாவது ஒன்றில் கருத்து வேறாகும். ஆகாமல் இருக்காது. அப்போது வாயால் வெல்லப் பார்க்காதே. சின்ன அளவில் செய்து, அதன்மேல் எல்லாரையும் கொஞ்ச நாள் உட்காரவை. தோற்றவர்களும் சிரித்துக்கொண்டே எழும்புவார்கள். கோர்ட்டிலும் நகரசபையிலும் எத்தனையோ வழக்குகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு தீர்ப்பை எங்கும் கேட்டதில்லை.

கட்டம் என்று முடிவாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் முன்துணியை மேசையில் விரித்து, தையற்கடைச் சோக்கட்டியால் ஒரு மூலையில் சாய்கோடுகள் போட்டாள். போட்டுவிட்டு ஊசியை எடுக்காமல் நின்றாள். அந்த மூலையில், கோயிலில் முதல் நன்மை வாங்க நீ போட்ட கவுனின் துண்டு இருக்கிறது. பக்கத்தில் என் கோடு போட்ட சட்டை. இரண்டையும் சேர்த்து உன் அம்மா போட்ட தையல் எறும்பு ஊர்வது போலச் சின்னது. சாய்கோடு அதன் குறுக்கே போனது.

“இந்தக் கோடு எல்லாத் துணியையும் வெட்டிக்கிட்டுப் போகுதுங்க,” என்றாள். “இத தச்சா, பாக்குறவங்க என் கோட்டத்தான் பாப்பாங்க.”

“பஞ்சு நிக்க வேணாமா?” என்றேன்.

“நிக்கணும். பாப்பா சொன்னதும் நிக்கணும்.”

ஈரத்துணியால் அந்தச் சோக்கை மெல்ல ஒற்றி எடுத்து, முன்துணியை மடித்து வைத்துவிட்டாள். அதன் பிறகு பல நாள் அது அப்படியே கிடந்தது. உன் கல்யாண வேலைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அத்தை, “பஞ்ச விடு, ரெண்டு துணிய சும்மா சேத்து அடிச்சுக் குடு, புள்ள ஒண்ணும் சொல்லமாட்டா,” என்றாள். நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்பது உண்மை. அதற்குத்தான் அவள் பயந்தாள். நீ நன்றி சொல்லி வாங்கி, மறுபடியும் ஒரு தட்டில் வைத்துப் பூட்டிவிடுவாய் என்று என்னிடம் சொன்னாள். இன்னொரு தரம் அந்தச் சாவி தன் கைக்கு வராது என்றும் சொன்னாள்.

ஒரு காலையில் பூசைக்குப் போய் வந்தவள் கோயில் சேலையைக்கூட மாற்றாமல் முன்துணியை எடுத்து உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பினாள். இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். “கட்டம் ஏற்கெனவே இருக்குங்க. அக்கா போட்டு வச்சிட்டுத்தான் போயிருக்காங்க.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உன் அம்மா இணைத்த ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டம்தான். துணியும் துணியும் சேரும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஊசியை இறக்கி ஓட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு சதுரமும் தனித்தனியாக மூடிக்கொள்ளும்; பஞ்சு வெளியே ஓட வழியில்லை. முன்பக்கத்தில் புதிய தையல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இலேசான வேலை அல்ல. இணைப்பில் துணி உள்ளே மடிந்து தடித்திருக்கும். அதன்மேல் ஊசி ஏறினால் வளையும், உடையும். மடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு மறுபக்கமாக ஒட்டிப் போக வேண்டும். வேறு யாராவது இணைத்த துணி என்றால் ஒவ்வோர் இடத்திலும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். உன் அம்மா எல்லா மடிப்பையும் ஒழுங்காகக் கடும் நிறத் துணியின் பக்கமாகவே சாய்த்து, பெட்டி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். “எங்க ஊசி போடணும்னு தேடவே வேணாம், சொல்லிக் குடுக்குறாங்க,” என்றாள் உன் சின்னம்மா. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. நான் அந்த மேசையருகில் நின்று, என் வாழ்க்கையில் வந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்து மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

உன் கல்யாணத்துக்குள் முடிக்க முடியவில்லை. நீ கேட்கவும் இல்லை. அது உன் நல்ல குணம். நீ ரயிலேறிப் போன பிறகுதான் அவள் முழு மூச்சாக உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசை அவளுக்குப் போய்விட்டது, நாங்கள் குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலவம் பஞ்சு ஊசித் துளை வழியாக வெளியே வராமல் இருக்க மெல்லிய மல் துணியை இரண்டு பக்கமும் கொடுத்திருக்கிறாள். அத்தை தினமும் வந்து முன்பக்கத்தை உற்றுப் பார்ப்பாள். “இவ்வளவு தச்சும் ஒண்ணுமே தெரியலையே, பொண்ணே. யாருக்காக இந்தப் பாடு?”

“தெரியக்கூடாதுன்னுதானே தைக்கிறேன், மதினி.”

பொதியைப் பிரித்ததும் நீயும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பாய். அம்மா வைத்தபடியே இருக்கும், நடுவில் உள்ள சிவப்பு நூலைத் தவிர (அதைப் பிறகு சொல்கிறேன்) ஒரு நூல் கூடக் கூடியிருக்காது. பார்த்துவிட்டுத் திருப்பு. பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் உன் அம்மாவின் ஒவ்வொரு சதுரமும், கோணலாக வெட்டிய அந்த இரண்டு மூன்று துண்டுகளும் உட்பட, சின்னம்மாவின் தையலில் அப்படியே வரைந்தது போல இருக்கும். அன்று பங்களா விறாந்தையில் உன் அம்மா எனக்குக் காட்டினாளே, அதே மாதிரி. நான் இதை உன் சின்னம்மாவிடம் சொன்னபோது அவள் நூலைப் பல்லால் கடித்து, அடுத்த ஊசியைக் கோர்த்தாள்.

நடுவில் மட்டும் ஒரு பெரிய சதுரம் தையல் இல்லாமல் இருக்கும். அது மறந்து விட்டதல்ல. அம்மாவின் பட்டு உள்ள இடம். அவ்வளவு பெரிய சதுரத்தில் ஓரத்தை மட்டும் தைத்தால் பஞ்சு நிற்காது; உள்ளே ஏதாவது கோலம் போட்டே ஆக வேண்டும். சின்னம்மா அந்தக் கோலத்தைத் தான் போடமாட்டேன் என்றுவிட்டாள். “அதுல பாப்பா தைக்கட்டும். என்ன போடுறதுன்னு அவளே பாத்துக்கட்டும்,” என்றாள். அதுவரை பஞ்சு ஓடாமல் இருக்க, நீள நீளமாகச் சிவப்பு நூலோட்டம் போட்டிருக்கிறாள். உன் தையல் முடிந்ததும் அதை உருவி எடுத்துவிடு. ஓரத்தில் ஊசியும் நூலும் குத்தி வைத்திருக்கிறது. அத்தை ரோசாப்பூ போடச் சொன்னாள் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். என் நேர்கோட்டுக்கு நான் இப்போது வாதாடவில்லை. சின்னம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நீ எதைப் போட்டாலும், ஒரு கையகலத்துக்கு மேல் வெற்றிடம் விடாதே. போர்வையைத் துவைக்காதே, இலவம் பஞ்சு தண்ணீர் பட்டால் கட்டியாகும். வெயில் வரும் நாளில் விரித்துப் போடு, கொடியில் தொங்கவிடாதே. பூட்டி வைக்காதே.

தைத்து முடித்ததும் என்ன கோலம் போட்டாய் என்று ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம். இத்தனை வருடமும் உன் கடிதங்கள் என் பெயருக்குத்தான் வந்தன. கடைசி வரியில், சின்னம்மாவுக்கும் சொல்லவும் என்று இருக்கும். நான் வாசிப்பேன், அவள் கைவேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள். இந்த வீட்டில் நான் அவளை ‘இந்தா’ என்கிறேன், அத்தை ‘பொண்ணே’ என்கிறாள், நீ சின்னம்மா என்கிறாய். அந்த ஒரு கடிதத்தின் உறையில் அவள் பெயரை முழுதாக எழுது. தபால்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, “பிலோமினாம்மா, தபால்” என்று கூப்பிடட்டும். நான் எழுந்து போகமாட்டேன்.

அப்பா